முதலெழுத்து

பதினாலு நாளைக்குள் தபாற்கந்தோரில் கட்டியிருந்தால்
அது வெறும் தண்டம்.
பதினைந்தாம் நாள் அதற்கு ஓர் இலக்கம் முளைத்தது.
மண்சரிந்து ரோட்டு மூடிய வாரம்;
தபாற்கந்தோர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
இலக்கத்துக்கு அதெல்லாம் தெரியாது.

ஹட்டன் நீதிமன்றத்துக்கு முன்னால்
போட்டோக்கொப்பிக் கடை றிஸ்மி
வழக்கேட்டின் பிரதியைச் சூடாக நீட்டினார்.
சிங்களம்.
வேன் நம்பரை மட்டும் கண்டுபிடித்தேன்.
மீதியை அவரே வாசித்தார்,
பக்கத்துக்கு ஐம்பது ரூபாய்.

சந்தேகநபர், சன்னாசி தவமலர். பெண். நாற்பத்தொன்று.
பாடசாலை வேன்.
கொட்டகலை வளைவில்
இரட்டை வெள்ளைக்கோட்டைத் தாண்டியமை.
"சந்தேகநபர்னா நானா?"
"ஆமாக்கா. இப்போதைக்கு."

ஏட்டில் நேரத்துக்குக் கட்டம் இருந்தது,
பொலிஸ்காரரின் இலக்கத்துக்கும் இருந்தது.
பனிமூட்டத்துக்கு இல்லை.
அச்சு முறிந்து பாதி ரோட்டைப் பிடித்து நின்ற
கொழுந்து லொறிக்கு இல்லை.
பின்னால் பதினோரு பிள்ளைகள்
பெல் அடிச்சிருக்கும், பெல் அடிச்சிருக்கும் என்று
கத்தியதை எங்கே எழுதுவது?

தவணை எனக்குப் பழைய சொல்.
மகனின் பள்ளிக்கூடத்தில் அது மூன்று மாதம்.
லீசிங் கம்பெனியில் ஐந்தாம் திகதி.
இங்கே அது
இருட்டோடு வேனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு
பஸ்ஸில் தொங்கி வரும் ஒரு நாள்.
பிடியாணை என்று முதலில் கேட்டபோது
பெண் யானையாக்கும் என்றிருந்தேன்.
தவணைக்கு வராதவரைத் தேடி
அதுவும் லயத்துக்கு நடந்துதான் வருமாம்.
தள்ளுபடி,
தீபாவளிக்குத் துணிக்கடைக் கண்ணாடியில் பார்த்தது.
இங்கே யாரும் ஒட்டி வைக்கவில்லை.

வாங்கில் பக்கத்திலிருந்த ஓட்டோக்காரர் குணபாலன்,
இது அவருக்கு ஆறாவது,
காதோடு சொன்னார்:
"குற்றவாளின்னு சொல்லிடுங்க.
ரெண்டாயிரம், பத்து மணிக்கு வீடு.
மத்தத சொன்னீங்க, இழுத்துகிட்டே போகும்."

மத்தது, சுற்றவாளி.
குற்றமில்லாதவராம்.
நாற்பத்தொரு வயதில் இன்றுதான் கேட்கிறேன்.
சுற்றுகிறவள் என்றால் சரிதான்,
ஒரு நாளைக்கு நாலு தடவை
அந்த மலையைச் சுற்றுகிறேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள்.
அதே நிமிடம் தகரத்தில் மழை இறங்கியது.
நீதவான் சிங்களத்தில் ஏதோ கேட்டார்.
மொழிபெயர்ப்பாளருக்குத் தடிமன்;
லேஞ்சியை மூக்கிலிருந்து எடுக்காமலே
இரண்டு சொல்லைச் சொன்னார்.
எனக்கு எட்டியது
ற்றவாளியா, ற்றவாளியா.

முன்னே நின்றவர்கள் எல்லோரும்
இந்த இடத்தில் தலையாட்டியிருந்தார்கள்.
என் தலையும் பாதி வழி போய்விட்டது.

"ஐயா, முதலெழுத்து கேக்கல."

யாரோ சிரித்தார்கள். சட்டத்தரணிகளின் மேசையும்.
அவர் லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்தார்,
விரலைத் தூக்கிக் காற்றில்
ஒரு கு எழுதினார்,
தள்ளி ஒரு சு.
அவருக்கு நல்ல கையெழுத்து.

மனசுக்குள் கணக்குப் போட்டேன்.
கு என்றால் ரெண்டாயிரம்.
சு என்றால் எத்தனை பஸ், எத்தனை நாள்,
லொறிக்காரனை எங்கே தேடுவது.
தொண்டையில் கு தான் நின்றது.
வாயில் வந்தது சு.

எழுதினார்கள்.
விளக்கத்துக்கு அடுத்த மாதம் ஐந்து.
லீசிங்கும் ஐந்து.
குணபாலன் தண்டத்தைக் கட்டிவிட்டு
வாசலில் பிளேன்டீயோடு நின்றார்,
என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை,
இன்னொரு பிளேன்டீ சொன்னார்.

திரும்பும்போது கொட்டகலை வளைவில்
பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.
பனி.
செருப்பால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்
கோடு இருக்கிறதா என்று.

இருந்தது.
ஒன்று முழுசாக.
மற்றது, விட்டு விட்டு.