ழ போட்ட முட்டை

கல்விக்கடன் வர இன்னும் ஒன்பது நாள்.
கையில் முப்பத்தோரு வெள்ளி நாற்பது காசு.
வகுத்துப் பார்த்தால்
நாளுக்கு மூன்று வெள்ளி நாற்பத்தெட்டு,
மிச்சம் எட்டு காசு.
நான் புள்ளியியல் படிக்கிறவள்.
சராசரி என்பது
யாரும் எந்த நாளும் சாப்பிடாத சாப்பாடு
என்று தெரியும்.

சுங்கை டூவாவில் மழை விட்ட ஏழரை மணி.
கடைக்குள் கூடை எடுக்காமல் போகிறேன்.
இரண்டு கை கொள்கிற அளவுதான்
என்பது நானே போட்ட சட்டம்.
அரிசி இருக்கிறது.
மிளகாய்த்தூள் சித்தியவானிலிருந்து வந்தது,
அது கணக்கில் வராது.
வெங்காயம் உதிரியாக நாலு.
தராசில் வைத்து, விலை பார்த்து,
ஒன்றைத் திரும்ப எடுத்துவிட்டு
மூன்றை நீட்டுகிறேன்.
நிறுக்கிற நேப்பாளத்து அண்ணன் சிரிப்பதில்லை.
பழைய ஒட்டுச்சீட்டைக் கிழித்துப் புதிது ஒட்டுகிறார்,
அவரும் வெங்காயம் வாங்குகிறவர்தானே.

காங்கோங் ஒரு கட்டு, ஒன்று ஐம்பது.
தெம்பே ஒன்று இருபது.
சார்டின் டின்னைத் தூக்கினேன், விலையைப் படித்தேன்,
அடுத்த வீட்டுக் குழந்தையை
இடுப்பிலிருந்து இறக்கிவிடுவதுபோல்
அலமாரியில் வைத்தேன்.
முட்டை பத்து, இருப்பதிலேயே சின்னது.

கல்லாவில் எட்டு இருபது.
"பை வேணுமா, ஒரு வெள்ளி."
ஒரு வெள்ளிக்கு இரண்டு முட்டை.
காங்கோங்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு
பாலம் ஏறினேன்.
கீழே வண்டிகள்.
வெங்காயம் சட்டைப் பையில் இடித்துக்கொண்டே வந்தது.

வீட்டில் மூன்று பேர், ஒரே குளிர்ப்பெட்டி.
முட்டை ஓட்டில் அடையாளம் போடுவது வழக்கம்.
அதிக்கா நட்சத்திரம் போடுவாள்.
ஷின் யீ மீன், சில நாள் கண்ணும் வைத்து.
நான் யாழரசி,
ழ மட்டும் போடுவேன்.
இந்த வீட்டில் அதை எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி.
இதைவிட நல்ல பூட்டு
எந்தக் கடையிலும் கிடையாது
என்று பெருமைகூட உண்டு.

புதன்கிழமை பரீட்சை.
முடிந்து வெளியே வந்தபோது கால் தானாகவே
நாசி கண்டார் கடைக்குப் போய்விட்டது.
"வெறும் சோறு, வெண்டைக்காய் ஒண்ணு, குழம்பு பஞ்சிர்."
அவர் எல்லாச் சட்டியிலும் கரண்டி விட்டு ஊற்றினார்.
நான் வாங்காத மீன், வாங்காத கோழி,
வாங்கவே முடியாத கணவாய்
எல்லாம் சோற்றின்மேல் வந்து
நலம் விசாரித்துப் போயின.
மூன்று ஐம்பது.
அன்றைய சராசரியைவிட இரண்டு காசு அதிகம்.

அன்றிரவு இரண்டு மணிக்கு
விளக்குப் போடாமல் ஒரு முட்டை பொரித்தேன்.
காலையில் குப்பையில் கிடந்த ஓட்டில்
பாதி நட்சத்திரம்.

யாரிடமும் சொல்லவில்லை.
என்னுடையதில் ஒன்றை எடுத்து,
ழவைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.
அதன் மறுபக்கத்தில் நட்சத்திரம் வரைந்து
அவள் வரிசையில் வைத்தேன்,
ழ சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும்படி.
கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
முட்டை ஒன்று, திருப்பியது.

சனிக்கிழமை எண்ணினால்
என் வரிசையில் நாலு.
புத்தகம் மூன்று என்கிறது.
இரண்டு முறை எண்ணினேன்,
புத்தகத்தையும் கூட்டிப் பார்த்தேன்.
நாலாவது முட்டையில் பச்சை மையில்
ஒரு ழ.
வால் தப்பான பக்கம் வளைந்து,
எழுதினதாக இல்லை, பார்த்து வரைந்ததாக.

என்னுடையதை யாரோ முன்பே தின்றிருக்கலாம்.
அதிக்கா முட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.
பச்சைப் பேனா ஷின் யீயிடமும் உண்டு.
கூடத்தில் இருவரும்
எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வரவா, கடனா,
எந்தப் பத்தியில் எழுதுவது?
பேனா மூடியைக் கடித்தபடி
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பசித்தது.
சின்னச் சட்டியில் தண்ணீர் வைத்து
அதைத்தான் போட்டேன்.
கொதியில் புரண்டு புரண்டு
பச்சை ழ மேலே வந்தது,
போனது,
வந்தது.