அரை நாள்

கண்டனூரில் ஒரு வீட்டைப் பிரித்தோம்.
இடித்தோம் என்று சொல்லக் கூடாது, மேஸ்திரி கோபிப்பார்.
இடித்தால் குப்பை. பிரித்தால் காசு.

மூன்றாங்கட்டில் ஆறு தூண், பர்மாத் தேக்கு.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு சாக்கு, ஒரு பழைய மெத்தை,
வடம் மூன்று சுற்று, கப்பி,
"கீறல் விழுந்தா அய்யாயிரம் போச்சு" என்று கத்த ஓர் ஆள்.
தூண் இறங்கியது
பிள்ளைத்தாச்சியை வண்டியிலிருந்து இறக்குவதுபோல.

உத்தரத்தின்மேல் நின்ற அடைக்கனுக்கு
இடுப்பில் ஒரு துண்டு.
அதையும் அவனேதான் கட்டியிருந்தான்.

மஞ்சள் தொப்பிகள் ஒன்பது இருந்தன,
ஷெட்டில், ஆணியில், பாலிதீன் உறை பிரிக்காமல்.
யாராவது பார்க்க வந்தால் மாட்டிக்கொள்ள.
யாரும் பார்க்க வரவில்லை.

டீ வாளி வந்த நேரம்.
சுண்ணாம்புச் சுவர் முதலில் ஒரு மூச்சு விட்டது,
அப்புறம்தான் சத்தம்.
தூசி அடங்கும்வரை யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
பிறகு எல்லோரும்
ஒரே பெயரைக் கூப்பிட்டோம்.

நான் ஆள்கணக்கு எழுதுகிறவன்.
சாயங்காலம் காண்டிராக்டர் சிட்டையைப் புரட்டினார்.
"மதியத்துக்கு மேல அவன் வேலை பாக்கலையே."
என் கைதான் எழுதியது:
அடைக்கன். அரை.

சுடுகாட்டில் விதி என்றார்கள். அவன் நேரம் என்றார்கள்.
நேரம் எனக்குத் தெரியும்.
பதினொன்றே முக்கால்.
அதற்கு முன்னால் எட்டு மணி என்று ஒன்று இருந்தது,
ஒன்பது இருந்தது, பத்து இருந்தது,
தூணுக்குக் கட்டியது போக மிச்ச வடம்
அவன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

இப்போது பள்ளத்தூரில் இன்னொரு வீடு.
சிட்டையைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.
தொப்பி மாட்டு, எழுதுகிறேன்.
இடுப்பு வாரின் கொக்கியைக் காட்டு, எழுதுகிறேன்.
அந்த விரிசல் சுவருக்கு முட்டுக் கொடுக்கும்வரை
ஒருத்தர் பெயரும் ஏறாது.
லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
வேறு கணக்கனைப் பார்த்துக்கொள்வதாகக் காண்டிராக்டர் சொல்கிறார்.
பார்க்கட்டும்.

வரிசையில் முதல் ஆள் செவந்தி, அடைக்கன் பெண்டாட்டி.
செங்கல் சுமக்க வருகிறாள்.
என் முகத்தைப் பார்ப்பதில்லை.
தொப்பி வாரைத் தாடைக்குக் கீழே இழுத்துப் பார்க்கிறாள்,
இன்னொரு தடவை இழுக்கிறாள்,
பின்னால் நிற்கும் பையனுடையதையும் இழுக்க
அவன் "யக்கா, வலிக்குது" என்கிறான்.

"முழு நாள்னு எழுது" என்றாள்.

அதைச் சாயங்காலம்தான் எழுதுவது வழக்கம்.
காலையிலேயே எழுதிவிட்டேன்.