மொட்டைமாடிக் கடல்

தேவனாம்பட்டினத்துக் கடல்
எங்கள் மாடியிலிருந்து சைக்கிளில் எட்டு நிமிடம்.
ஆனாலும் நாங்கள் ஒரு கடல் செய்துகொண்டிருந்தோம்.

நிஜக் கடலை ராத்திரியில் எடுக்க முடியாது.
போன் கேமராவுக்கு இருட்டு வெறும் இருட்டு.
போலீஸ் டார்ச் வேறு வந்து வந்து போகும்.
அலையிடம் ஒன் மோர் என்றால்
கேட்கிற அலையா அது?

எங்கள் கடல் நீலத் தார்ப்பாய், பதினெட்டுக்குப் பன்னிரண்டு.
நிவாரணத்தில் வந்தது.
எந்தப் புயல் என்று கேட்காதீர்கள்,
முத்திரை அழிந்துவிட்டது.

படகு, முதுநகர் துறைமுகத்தில் கெஞ்சி வாங்கிய
நாலு தெர்மாகோல் மீன்பெட்டி.
மூன்று நாள் வெயிலில் போட்டும்
சங்கரா வாசம் போகவில்லை.
படத்தில் வாசம் வராது என்றான் தனகோடி.
அவன்தான் கதாநாயகன்,
பெட்டிக்குள் படுத்து
முதலில் வாந்தி எடுத்தவனும் அவனே.

நான் வேலை பார்ப்பது பைப் கடையில்.
ஆகவே மழை என் பொறுப்பு.
முக்கால் இஞ்ச் குழாயில்
கோணி ஊசியைச் சுட வைத்துக் குத்தினேன்,
விரற்கடைக்கு ஒரு ஓட்டை.
தண்ணீர் கொட்டியது, கேமராவில் ஒரு துளியும் இல்லை.
விளக்கைப் பின்னால் வை என்றாள் நசீமா.
வைத்தேன்.
அடேயப்பா, ஐப்பசி!

மின்னலுக்கு ஆரோக்கியதாஸ்
எதிர்மாடியில் வெல்டிங் ராடோடு.
இடிக்கு ஆணி பிடுங்கிய கூரைத் தகரம்.
ரத்தத்துக்கு ரோஸ் சிரப்பும் மைதாவும்,
நிறம் கறுக்க ஒரு சிட்டிகை காபித்தூளும்.
பார்த்தவர் எல்லாம் பதறினார்கள்;
எறும்பு மட்டும் ஏமாறவில்லை,
தனகோடியின் நெற்றிக் காயத்துக்கு வரிசை கட்டியது.
மொத்தச் செலவு இரண்டாயிரத்து நூற்று நாற்பது.
அதில் பரோட்டா அறுநூறு.

இரவு பத்தேகால்.
தகரத்தை இரண்டு கையாலும் உதறினேன்.
தெருவே ஒருமுறை அதிர்ந்தது.
மறுபடி உதறினேன்.

மாடிப்படியில் வந்து நின்றாள் கீழ்வீட்டு அம்சவேணி.
இறால் கம்பெனியில் பகல் முழுக்க நின்றவள்.
தலைமுடி அவிழ்ந்திருந்தது.
ஒரு தோளில் தூங்கும் குழந்தை.
ஒரு கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை:
ரேஷன் கார்டு, பட்டா, தடுப்பூசி அட்டை.

ஒருவரும் பேசவில்லை.
குழாய் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.
அக்கா, சும்மா... என்று
பெட்டிக்குள்ளிருந்து ரத்தத்தோடு எழுந்தான் தனகோடி.

கட்டையில போறவனுங்களா, என்றாள்.
இன்னும் நாலு சொன்னாள், நியாயமான நாலு.
பிறகு குழந்தையை நசீமாவிடம் கொடுத்தாள்.
பையைக் கீழே வைக்கவில்லை.

இது என்னா, அலையா?
ஆமாக்கா.
இப்படி வராது.

ஒற்றைக் கையால் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்தாள்.
தன் பக்கமாக இழுத்தாள்.
இழுத்துக்கொண்டே பின்னால் போனாள்,
தண்ணித்தொட்டிச் சுவர் முதுகில் முட்டும்வரை.
படகுக்கு முன்னால் சிமெண்ட் தரை தெரிந்தது.
காய்ந்த வடகத் துணுக்கு,
எப்போதோ தொலைந்த துணிக்கிளிப்,
ஒரு சின்னச் செருப்பு.

மொதல்ல இப்படி உள்ள போவும், என்றாள்.
மீனெல்லாம் கெடந்து துள்ளும்.
புள்ளைங்க பொறுக்க ஓடும்.

அதற்கு மேல் சொல்லவில்லை.
பிடித்தபடி நின்றாள்.
எதிர்மாடியில் ராடு தீர்ந்து மின்னல் நின்றது.
கட் சொல்ல வேண்டியவள்
குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

அப்புறம்தான் விட்டாள்.

அந்த ஷாட்டின் ஓரத்தில்
ஒரு பிளாஸ்டிக் பை கொஞ்சம் தெரியும்.
வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.
நசீமா சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

விடிந்ததும் கடலை மடிக்கும்போது
மடிப்பில் ஒரு கை தண்ணீர் நின்றது.
யாரும் பார்க்காதபோது தொட்டு நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
எங்கள் தெருவில்
போர் தண்ணீர் எப்போதுமே கரிக்கும்தான்.