மூன்றாம் மாடியின் பூஜ்யம்

பெர்னிக் நகரம், பதினேழாம் எண் கட்டடம்.
எட்டு மாடி. லிஃப்ட் ஆறு வரைக்கும்தான்;
அதற்கு மேலே போக
அதற்கும் மனசில்லை, என் முழங்காலுக்கும் மனசில்லை.
ஜனவரியில் ஒருதரம், மே மாதம் ஒருதரம்
டார்ச்சும் நோட்டுமாய் ஏறி இறங்குவேன்.
ரேடியேட்டர்களின் நெற்றியில் ஒட்டியிருக்கும்
சின்ன மீட்டரைப் படிப்பது என் பிழைப்பு.

குளிர்காலத்தை ஒரு குடும்பம்
எப்படிக் கடந்தது என்று எண் சொல்லிவிடும்.
கூடத்தில் அறுநூறு, படுக்கையறையில் இருபது என்றால்
எல்லோரும் சோபாவில் தூங்கியிருக்கிறார்கள்.
குழந்தை பிறந்த வீட்டில் எண்கள் ஓடும்.
ஒருவர் பிரிந்துபோன வீட்டில்
ஒரே ஒரு அறை மட்டும் போன வருஷத்திலேயே நிற்கும்.
நான் எதையும் கேட்பதில்லை.
பேனாவை உதறி, அடுத்த கதவு.

மூன்றாம் மாடி ஸ்வெத்கோ வீட்டில்
ஏழு வருஷமாய்ப் பூஜ்யம்.
நாலு ரேடியேட்டர், நாலு பூஜ்யம்.
வெளியே மைனஸ் பதினொன்று; மனிதர்
பனியனோடு கதவைத் திறப்பார்.
"மேலே இஸ்க்ரா காய்ச்சுகிறாள்,
கீழே போய்காவும் ஸ்தமெனும் காய்ச்சுகிறார்கள்,
நடுவில் எனக்கெதற்குத் தனி அடுப்பு?"
ஊரார் வீட்டு நெய், இவர் வீட்டுச் சுவர்.
சிரித்துக்கொண்டே காப்பியும் தருவார்.
அதையும் சொல்ல வேண்டும், நல்ல காப்பி.

இஸ்க்ராவுக்கு பேக்கரியில் இரவு வேலை.
டிசம்பர் பில் வந்த அன்று
மாவு காயாத கையோடு என்னிடம் நீட்டினாள்:
முந்நூற்றுப் பன்னிரண்டு லெவா.
"வீட்டில் நான் இருப்பதே பகல் பாதிதான்.
யாருக்காக எரிகிறது இது?"
எனக்குப் பதில் தெரியும்.
ஒரு மாடி கீழே பனியனோடு உட்கார்ந்திருந்தது.
சொல்லவில்லை.

கோடையில் கயிற்றில் தொங்கி ஒருவன் வந்தான்.
அவள் சுவருக்கு மட்டும் தெர்மோகோல் ஒட்டி
மேலே மஞ்சள் பூசினான்; மஞ்சளுக்குத்தான் தள்ளுபடி.
சாம்பல் கட்டடத்தில் ஒரு மஞ்சள் சதுரம்,
பழைய சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி.
ஜன்னல் இடுக்குக்கு ரப்பர் பட்டை,
ரேடியேட்டர் முதுகுக்கு வெள்ளிக் காகிதம்,
வேலைக்குக் கிளம்பும்போது திருகை ஒன்றில் வைப்பாள்.
ஸ்தமென் எட்டிப் பார்த்துவிட்டு
தன் பங்குக்குப் பச்சை பூசினார்.
திருகை அவரும் குறைத்தார்.

அடுத்த ஜனவரி.
ஸ்வெத்கோ கதவைத் திறந்தார், ஓவர்கோட்டோடு.
கூடத்தின் மீட்டர்: நானூற்றுப் பன்னிரண்டு.
"கெட்டுப்போய்விட்டது" என்றார்.
விரலால் தட்டிப் பார்த்தேன், அவருக்காக.
"மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது.
மேலேயும் கீழேயும்தான் திருந்திவிட்டார்கள்."
அன்றைக்குக் காப்பி வரவில்லை.
பில்லின் முதுகில் பென்சிலால்
எதையோ கூட்டி, அடித்து, மறுபடி கூட்டினார்.

ஜூனில் அந்தக் கயிறு மூன்றாம் மாடியில் தொங்கியது.
என்ன நிறம் வேண்டும் என்று கேட்டானாம்.
"எது மிச்சமோ அது."
மிச்சமிருந்தது ரோஜா நிறம்.

மொத்தக் கட்டடத்தையும் ஒரே போர்வையால் போர்த்தலாம்,
செலவு பாதியாகும் என்று இஸ்க்ரா தாள் எடுத்து அலைகிறாள்.
முப்பத்திரண்டு கையெழுத்தில் ஒன்று குறைகிறது:
எட்டாம் மாடிக்காரர் ஸ்பெயினில்.
போட்ட கடிதம் திரும்பி வந்துவிட்டது.
மே மாதம் நான் போனபோது
அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு
என்னோடு எட்டு மாடியும் ஏறி
பூட்டிய கதவின் அழைப்புமணியை அழுத்திப் பார்த்தது
ஸ்வெத்கோதான்.

இறங்கி வந்து வாசலில் நின்று நிமிர்ந்தோம்.
மஞ்சள் சதுரத்தில், சரியாக மூலையில்,
ஒரு முஷ்டி அளவு ஓட்டை.
உள்ளேயிருந்து ஒரு மரங்கொத்தி
தலையை நீட்டி எங்களைப் பார்த்தது.
தெர்மோகோல் துகள் பனி மாதிரி உதிர்ந்தது.

ஸ்வெத்கோ வெகுநேரம் பார்த்தார்.
"அதற்கு மீட்டர் உண்டா?" என்றார்,
கொஞ்சம் பொறாமையோடு.