இல்லை இல்லாமல்

கப்பலூர் சுங்கச்சாவடி, ஏழாம் நம்பர் பூத்.
ஒரு லாரி போய் அடுத்தது வராத நேரத்தில்
போனில் தட்டினேன்:
ஓய்ச்சல் ஒழிச்சல் இல்லை என்கிறோமே,
ஓய்ச்சல் இருக்கிறது என்று
யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

முதல் பதில், மூன்று புள்ளி.
ஆய்தம் என்றே பெயர் வைத்துக்கொண்டவர்
யோசிக்கும்போதும் அதையே போடுவார்.
அப்புறம் கீழவாசல் மோதிலால்.
வீட்டில் சௌராஷ்டிரம், கடையில் கணக்கு,
பத்து மணிக்கு மேல்தான் அவருக்குத் தமிழ்.
"வக்கு" என்றார். வக்கில்லாதவனைத் தெரியும்,
வக்குள்ளவனை இதுவரை பார்த்ததில்லை.
கோரிப்பாளையம் சம்சுகனி "ஈவிரக்கம்" என்றார்.
இரக்கம் தனியாக நடமாடும்,
ஈவுக்குத்தான் துணை வேணும் என்று மோதிலால் மறிக்க
விடிகிற வரை ஓரியாட்டம்.

உசிலம்பட்டி ஒச்சம்மா வளவளவென்று பேசமாட்டாள்.
"நாதி."
ஒற்றைச் சொல்லை வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.

இப்படிச் சேர்ந்தவை முப்பத்தொன்று,
இல்லையின் கையைப் பிடிக்காமல்
வாசல் தாண்டாத சொற்கள்.
அவற்றை ஒருநாளாவது தனியே அனுப்பிப் பார்ப்பது
எங்களுக்குள் விளையாட்டு.
"இன்னைக்கு எனக்கு ஓய்ச்சல் இருக்கு" என்றேன் வீட்டில்.
காய்ச்சல் என்று காதில் விழுந்து
அவர் மாத்திரை வாங்கிவந்தார்.

யார் முகமும் யாருக்கும் தெரியாது.
ரகரம் றகரமானால் முதலில் பதறுவது யார்,
தப்பு தன்னுடையது என்றால்
மூன்று நாள் காணாமல் போவது யார்,
அது தெரியும்.

ஆவணிக் கடைசியில் ஒரு ராத்திரி ஒச்சம்மா எழுதினாள்:
தம்பி மேல் டிராக்டர் சாய்ந்துவிட்டது
பெரியாஸ்பத்திரியில் இருக்கிறோம்
ரத்தம் கேட்கிறார்கள்
எனக்கு இங்கே நாதி

அவ்வளவுதான்.
முற்றுப்புள்ளி இல்லை.
இல்லையும் இல்லை.

கை நடுங்கியதா, சார்ஜ் தீர்ந்ததா,
வேண்டுமென்றேதான் நிறுத்தினாளா,
ஒற்றெழுத்துக்கு ஒரு வாரம் சண்டை போடும் கூட்டம்
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
சில்லறையை எண்ணி ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.
தக்காளி ஏற்றிய வண்டி ஒன்றில்
முன்சீட்டில் இடம் கிடைத்தது.

ரத்த வங்கி வாசலில் இருபது பேர்.
எல்லார் முகத்திலும் ஒரே தூக்கம்.
யாரை யாரென்று தேடுவது?
சுவரில் பலகை:
காலணிகளை கழற்றி விடவும்.
அதன் கீழ் நின்ற வேட்டிக்காரர்
உதட்டுக்குள் "க்" என்றார்.
பெஞ்சிலிருந்து ஒரு வெள்ளைத் தாடி திரும்பியது:
"விடவும் சேர்ந்து வரணும்."
செருப்பைக் கையில் பிடித்தபடி
சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன்.
மோதிலாலா? சம்சுகனியா?
அப்போது தூணோரம் நின்ற பெண்ணொருத்தி,
பழ மார்க்கெட் துண்டுச்சீட்டு இன்னும் கையில்,
எங்களைப் பார்த்து
காற்றில் விரலால் மூன்று புள்ளி வைத்தாள்.

என் ரத்தம் சேரவில்லை.
மோதிலாலுக்குச் சர்க்கரை.
சம்சுகனியும் ஆய்தமும் உள்ளே போய்
பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தார்கள்.

வராந்தாத் தரையில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒச்சம்மா.
நான்கு நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.
"நீங்கள்லாம் யாரு?"

சொந்தப் பேரைச் சொன்னால் அவளுக்குத் தெரியாது.
மோதிலால் கண்ணாடியைத் துடைத்தார்.
ஆய்தத்துக்குப் பேச்சு திக்கும் என்று
அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.
உதடு ஒருமுறை. இன்னொருமுறை. இன்னும் ஒருமுறை.
யாரும் முந்திக்கொள்ளவில்லை.
"இருக்கு" என்றாள்.

பட்டியலில் இப்போது முப்பது.
நாதி இருக்கு சரியா, நாதி உண்டு சரியா என்று
மறுநாள் சாயங்காலமே மோதிலால் ஆரம்பித்தார்.
இன்னும் முடியவில்லை.
தம்பி, காலில் கட்டோடு,
உண்டு பக்கம்.