ஏற்கெனவே இருக்கும் எண்

வங்கிக் கணக்கு வேண்டுமென்றால்
கைபேசி எண் வேண்டும்.
கைபேசி எண் வேண்டுமென்றால்
வங்கிக் கணக்கு.
செந்தாய் நகரில் முதல் பத்து நாள்
இந்த இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே
பனியை மிதித்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் நாள், நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை.
குதோ என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவர்
படிவத்தை என் பக்கம் திருப்பினார்.
பெயருக்குப் பன்னிரண்டு கட்டம்.
தில்ஃபுசா அப்துரஹ்மோனோவா
பாதி வழியில் நின்றுபோனாள்.
"பரவாயில்லை," என்றவர்
மிச்சத்தை ஓரத்தில் பென்சிலால் எழுதினார்.

இருபது ஜிபி. இரண்டு வருட ஒப்பந்தம்.
என் விசாவுக்கோ பதினைந்து மாத ஆயுள்.
அதை அவரும் பார்த்தார்,
பார்க்காததுபோல் முத்திரை குத்தினார்.
மாதாமாதம் முனைக்கடையில் ரொக்கமாகக் கட்டலாமாம்.

அன்றிரவே மணி அடித்தது.
அம்மாவுக்குக்கூட எண்ணை இன்னும் சொல்லவில்லை.
"ஷிராகவா அவர்களா? பல் மருத்துவமனை.
வியாழன் நாலு மணிக்கு."
எனக்கு முன்னால் யாரோ
இந்த எண்ணில் குடியிருந்திருக்கிறார்.
பாடப்புத்தகத்தில் இதற்கு வாக்கியம் இல்லை.
"அவர் இல்லை" என்றேன்.
ஊர் மாறினாரா, உயிரோடிருக்கிறாரா,
கேட்கவும் தெரியவில்லை.

மார்ச்சில் என் கடைவாய்ப் பல் வலித்தது.
அங்கேயே திருப்பி அழைத்தேன்.
வரவேற்பில் இருந்த பெண் எண்ணைக் கேட்டாள்,
தட்டினாள்,
கொஞ்சம் பேசாமலிருந்தாள்.
"நீங்கள் ஏற்கெனவே இங்கே இருக்கிறீர்களே."

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.