வண்டி எடை

பல்லடம் சாலையில் என் எடை மேடை.
நாற்பது டன் வரை தாங்கும்.
பகலில் கோழித் தீவனம், சோளம், தேங்காய் மட்டை.
பொழுது சாய்ந்தால் பஞ்சு.

பக்கத்து மில்லில் எனக்கு முந்நூற்றுப் பத்துப் பங்கு.
சீட்டு எடுத்த பணத்தில், எண்பத்துநாலு ரூபாய்க்கு வாங்கியது.
இன்றைக்கு முப்பத்தொன்று.
கடைசியாக டிவிடெண்டு வந்த வருசம்
மொபெட்டுக்குப் பின் டயர் மாற்றினேன்.
அந்த டயர் மொட்டையாகி,
மாற்றி,
அதுவும் மொட்டையாகிவிட்டது.

பொதுக்கூட்டத்தை மில்லுக்குள்ளேயே வைத்தார்கள்,
பஸ் நிற்காத இடத்தில், காலை ஒன்பதேகாலுக்கு.
கேட்டில் பையைச் சோதித்தார்கள்.
பந்தலில் நூறு நாற்காலி, பதினேழு பேர்.
அதில் ஒன்பது பேர் மில் சட்டை.

முதலில் எழுந்தவர்
எல்லாக் கம்பெனிக் கூட்டத்துக்கும் போகிறவர்.
ஆண்டறிக்கையின் அச்சு கண்ணுக்குக் குளிர்ச்சி என்றார்.
சேர்மன் முகத்தில் லட்சுமி களை என்றார்.
கைதட்டல்.
ஏழாம் தீர்மானம், சேர்மனின் சம்பளம்.
'ஆதரிக்கிறேன்' என்று யாரோ சொல்லி முடிக்குமுன்
எட்டாம் தீர்மானம்.

நான் எழுந்தேன்.
மைக் வயர் எட்டாதுங்க என்றான் பையன்.
எட்டாவிட்டால் போகிறது,
லாரி எஞ்சினுக்கு மேலே
நம்பர் கத்திப் பழகின தொண்டை.

"ஏனுங்க, நூத்திப் பன்னண்டாம் பக்கம், முப்பத்துநாலாவது குறிப்பு.
வேஸ்ட் பஞ்சு கிலோ அறுபத்தொரு ரூவாய்க்கு வித்திருக்கீங்க.
அதே வாரம் சோமனூர்ல தொண்ணூத்தெட்டுங்க.
வாங்குனது உங்க மச்சினர் கம்பெனி.
வித்தியாசம் யாரு கணக்குல இருக்குதுங்க?"

மின்விசிறிச் சத்தம் மட்டும்.
சேர்மன் சிரித்தார்,
கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற சிரிப்பு.
"நல்ல கேள்விங்க அம்மணி. எழுத்துல பதில் வருமுங்க.
இருந்து காப்பி குடிச்சுட்டுப் போங்க."
பதினோராம் நிமிடம் நன்றியுரை.
கையில் ஒரு டப்பா. மைசூர்பாகு ஒன்று, காராபூந்தி,
மில் பெயர் போட்ட பேனா.
பேனா நன்றாகவே எழுதியது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு திருட்டு உண்டு.
சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டி வரும்போது
டிரைவர் இறங்க மாட்டார், கிளீனர் இறங்க மாட்டான்,
தண்ணீர் டிரம் ரொம்பியிருக்கும்.
வண்டி எடை கூடும்.
கூடினதெல்லாம் சரக்கில் கழியும்.
விற்றவன் தலையில் விழும்.
மேடை பொய் சொல்லவே சொல்லாது.

ஆண்டறிக்கையை அன்றிரவு அப்படித்தான் படித்தேன்.
நூல் விற்ற மொத்த எடை நன்றாகத்தான் இருக்கிறது.
கழிக்கிற வண்டிக்குள்
மகன் உட்கார்ந்திருக்கிறார், மருமகள் உட்கார்ந்திருக்கிறார்,
ஊட்டி கெஸ்ட் ஹவுஸ், ஆலோசனைக் கட்டணம்,
மச்சினரின் அறுபத்தொரு ரூபாய்.
எனக்கு மிஞ்சியது
அட்டைப்படத்தில் ஒரு காற்றாலை.

நாற்பத்தாறாம் நாள் கடிதம் வந்தது.
உறைமேல் கோகிலவாணி.
உள்ளே 'மதிப்பிற்குரிய ஐயா'.
தங்கள் கேள்வி கவனத்தில் கொள்ளப்பட்டது.
வணிகச் சூழலைக் கருதி எடுக்கப்பட்ட முடிவு.
தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடும்,
அதற்குக் கீழே ரப்பர் ஸ்டாம்ப்.

வித்துத் தொலை என்கிறார் வீட்டுக்காரர்.
முப்பத்தொரு ரூபாய்க்கா?
அது மட்டுமில்லை.
நான் விற்றுவிட்டால் அடுத்த வருசம்
கேட்டில் பை சோதிக்க ஆளே தேவைப்படாது.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு
மச்சினர் குடோனில் வேஸ்ட் இறக்கிவிட்டு
லாரி காலியாக மேடை ஏறியது.
டிரைவர் இறங்கவில்லை.
போர்வைக்குள் கிளீனர்.
"இறங்குங்கண்ணா, ரெண்டு பேரும்."
"அக்கா, நம்ம மில் வண்டிதானுங்க."
"அதனாலதான் சொல்றேன்."

முனகிக்கொண்டே இறங்கினார்கள்.
திரையில் எண்
நூற்று முப்பது கிலோ சரிந்து நின்றது.
அவர்கள் கொடுத்த பேனாவிலேயே எழுதினேன்.
மேல் சீட்டு டிரைவருக்கு.
கார்பன் என்னிடம்.